வெலி சாரினென்: 4 மணி 28 நிமிடத் தங்கத்தை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி — வெண்பனி

அனைவருக்கும் வணக்கம். குளிர்கால ஒலிம்பிக்கின் முதல் மூன்று போட்டிகளை, அதாவது 1924 ஷமோனி, 1928 செயின்ட் மோரிட்ஸ், 1932 லேக் பிளாசிட் ஆகியவற்றை, முடிவுப் பட்டியல்களின் துணையோடு சில வாரங்களாகப் படித்து வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குதான். மலையுச்சியிலிருந்து சரிந்து இறங்குவதைவிட, மேடும் பள்ளமும் சமநிலமுமாகக் கிடக்கும் காட்டுப் பாதையில் 50 கிலோமீட்டரைத் தன் கால்களாலும் தோள்களாலும் மட்டுமே கடந்து முடிப்பது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இந்தப் பட்டியல்களில் ஃபின்லாந்தின் வெலி சாரினென் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அவரைப் பற்றிய இரண்டு செய்திகள் எனக்குத் தெளிவாகவில்லை.

முதல் ஐயம் சிறியது. "ஃபின்லாந்தின் முதல் பனிச்சறுக்கு வெற்றியாளர்" என்ற அடைமொழியை ஓரிடத்தில் தாபானி நிக்குவுக்கும், இன்னோரிடத்தில் மத்தி ரைவியோவுக்கும், மற்றோரிடத்தில் சாரினெனுக்கும் கொடுத்திருக்கிறார்கள். மூவரும் முதல்வராக இருக்க முடியாது அல்லவா?

இரண்டாவது ஐயம் பெரியது. 1932-இல் 50 கிலோமீட்டர் போட்டியில் சாரினென் தங்கம் வென்ற நேரம் 4 மணி 28 நிமிடம் 00 விநாடி. எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே தொலைவை நார்வேயின் தோர்லைஃப் ஹாவுக் 3 மணி 44 நிமிடம் 32 விநாடியில் முடித்திருக்கிறார். வேறுபாடு ஒன்றிரண்டு நிமிடம் அன்று, 43 நிமிடம் 28 விநாடி. போதாக்குறைக்கு, 1928-இல் 18 கிலோமீட்டரில் சாரினென் நான்காம் இடம்தான் பெற்றார். நான்காம் இடத்துக்காரர் நான்கே ஆண்டுகளில், அதுவும் பழைய வெற்றியாளரைவிட முக்கால் மணி நேரம் மெதுவாகச் சென்று, தங்கம் வென்றார் என்றால், அன்று எதிரில் நின்றவர்கள் வலுவற்றவர்கள் என்று கொள்வதா? அல்லது எனக்குத் தெரியாத வேறு காரணம் இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி — ஏட்டுச்சுவடி

உங்கள் முதல் ஐயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதற்கு இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

மூவரும் முதல்வர்கள்தாம், ஆனால் ஒவ்வொருவரும் வெவ்வேறு ஒன்றில் முதல்வர். ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரியில் ஃபின்லாந்துக்கு முதல் பதக்கத்தைக் கொண்டுவந்தவர் தாபானி நிக்கு. 1924 ஷமோனியில் 18 கிலோமீட்டரை 1 மணி 16 நிமிடம் 26 விநாடியில் முடித்து, ஹாவுக், யோஹான் க்ரோத்தும்ஸ்ப்ரோதென் என்ற இரு நார்வேக்காரர்களுக்குப் பின்னால் வெண்கலம் பெற்றார். மத்தி ரைவியோ 1926-இல் தம் சொந்த நாட்டு மண்ணில், லாஹ்தி நகரில், 30 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் இரண்டையும் வென்றார். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1924 பிப்ரவரி 2 அன்றுதான் ஷமோனியில் தோன்றியிருந்தது. அது ஆண்டுதோறும் நடத்திய தொடக்ககாலப் போட்டிகளுக்கு அப்போது உலக சாம்பியன்ஷிப் என்ற பெயர் கிடையாது. பிற்காலத்தில்தான் அந்தத் தகுதியைப் பின்தேதியிட்டு வழங்கினார்கள். ஆகவே போட்டி நடந்த நாளில் ரைவியோ உலக சாம்பியன் இல்லை, இன்றைய பட்டியலில் உலக சாம்பியன். உங்கள் நூல்கள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இந்தக் குழப்பமே பாதிக் காரணமாக இருக்கலாம். சாரினென் பெற்றதோ ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரியில் ஃபின்லாந்தின் முதல் தங்கம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு செய்தியும் உண்டு. 1924-இலும் 1928-இலும் ஃபின்லாந்து வென்ற குளிர்காலத் தங்கங்கள் அனைத்தும் பனித்தரை வேகச் சறுக்கில், அதாவது ஸ்கேட்டிங்கில், வந்தவை. பெரும்பகுதி கிளாஸ் துன்பெரி என்ற ஒரே மனிதரின் கைவண்ணம். அந்தத் துன்பெரி 1932-இல் லேக் பிளாசிட்டுக்குப் போக மறுத்துவிட்டார். இருவர் இருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடும் ஐரோப்பிய முறையைக் கைவிட்டு, எல்லோரையும் ஒன்றாக ஓடவிடும் அமெரிக்க முறையில் போட்டி நடத்தியதை அவர் ஏற்கவில்லை. ஆக அந்த ஆண்டு ஃபின்லாந்துக்குக் கிடைத்த மூன்று பதக்கங்களும் கிராஸ் கன்ட்ரியிலிருந்தே வந்தன: 50 கிலோமீட்டரில் சாரினெனின் தங்கம், வைனோ லீக்கனெனின் வெள்ளி, 18 கிலோமீட்டரில் மீண்டும் சாரினெனின் வெண்கலம்.

பனிச்சறுக்குக்குப் பெயர்போன நாட்டுக்கு அந்தத் தங்கம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கருத்து. ஃபின்லாந்தில் சறுக்குப் போட்டிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேரூன்றிவிட்டன. ஓவுலு நகரத்தின் "தார்ச் சறுக்கு" 1889-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. அதற்கு முன்பே, ஒரு காலுக்கு நீண்ட வழுக்குப் பலகையும், மற்றக் காலுக்கு உதைத்துத் தள்ளுவதற்கென்று குட்டையான பலகையும் கட்டிக்கொண்டு காடுகளில் வேட்டைக்குச் சென்ற மரபு அங்கே இருந்தது. முன்முனை அலகுபோல் மேல்நோக்கி வளைந்த தோல் காலணியை, பலகையின் குறுக்கே ஓடும் ஒரே வாரில் செருகிக்கொண்டால் போதும். வேறு பூட்டு எதுவும் தேவைப்படவில்லை. இந்த மரபு பெரும்பாலும் உறைந்த ஏரிகளின் மேலும் தாழ்வான காட்டு நிலத்திலும் வளர்ந்தது. ஏரிப் பனியில் இரண்டு ஊன்றுகோல்களையும் ஒருசேர ஊன்றி உடலை முன்னே வீசிச் செல்பவருக்கு, நார்வேயின் செங்குத்தான ஏற்றமும் காட்டுக்குள் திடீரென்று திரும்பும் இறக்கமும் வேறோர் உலகம்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் லாவ்ரி பிஹ்கலா. பெசாபல்லோ என்ற ஃபின்லாந்துப் பந்து விளையாட்டை வகுத்தவர் என்றே அவரைப் பலர் அறிவார்கள். நார்வேயின் ஹோல்மென்கோலென் போட்டியை முன்மாதிரியாகக் கொண்டு, லாஹ்தியில் சல்பவுஸ்செல்கா என்ற மேட்டுத்தொடரின் மீது 1923-இல் ஒரு போட்டியை அவர் தொடங்கிவைத்தார். அந்த மேடு பனியூழிக் காலப் பனிப்பாறைகள் தள்ளிக் குவித்துவிட்டுப் போனது. ஏறி இறங்கிப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் தென் ஃபின்லாந்தில் எளிதில் கிடைத்திருக்காது. ரைவியோ 1926-இல் வென்றது அங்கேதான். 1902-இல் பிறந்த சாரினென், மேடு ஏறப் பழகிக்கொண்ட அந்த முதல் தலைமுறையின் ஆள்.

ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். 1918 உள்நாட்டுப் போருக்குப் பின் ஃபின்லாந்தின் விளையாட்டுச் சங்கங்களும் இரண்டாகப் பிளந்தன. 1919-இல் தொழிலாளர்களின் தனிக் கூட்டமைப்பு உருவாகி, 1925-இல் ஷ்ரைபர்ஹாவில் நடந்த குளிர்காலத் தொழிலாளர் ஒலிம்பியாட் போன்ற தனிப் போட்டிகளில் அதன் வீரர்கள் பங்கேற்றார்கள். அந்த அணியில் இருந்த சறுக்கு வீரர்கள் நிக்கு, ரைவியோ, சாரினென் ஆகியோரின் வரிசையில் இடம்பெறவில்லை. "அக்காலத்தின் சிறந்த ஃபின்லாந்து வீரர்" என்று எழுதும்போது இந்தப் பாதிப் படத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மறுமொழி — கடிகாரமுள்

ஏட்டுச்சுவடி அவர்கள் பின்னணியைச் சொல்லிவிட்டதால் நான் நேராக எண்களுக்கு வருகிறேன்.

வெண்பனி அவர்களே, நீங்கள் செய்திருக்கும் ஒப்பீட்டைச் சறுக்குப் போட்டியில் செய்யவே கூடாது. ஓட்டத் தடத்தில் 400 மீட்டர் எங்கும் 400 மீட்டர்தான். பனியில் 50 கிலோமீட்டர் என்பது காகிதத்தில் மட்டுமே 50 கிலோமீட்டர். இதற்கு வெளியே சென்று சான்று தேட வேண்டியதில்லை. நீங்கள் வைத்திருக்கும் பட்டியலிலேயே இருக்கிறது. க்ரோத்தும்ஸ்ப்ரோதென் 1924-இல் 18 கிலோமீட்டரை 1 மணி 15 நிமிடம் 51 விநாடியில் முடித்து வெள்ளிதான் பெற்றார். 1928-இல் அவரே அதே தொலைவுக்கு 1 மணி 37 நிமிடம் 01 விநாடி எடுத்துக்கொண்டார். அதாவது 21 நிமிடம் 10 விநாடி கூடுதல். ஆனால் அந்த முறை அவருக்குக் கிடைத்தது தங்கம், அதுவும் இரண்டாம் இடத்தவரை முழு 2 நிமிடம் பின்னால் விட்டு. நான்கு ஆண்டுகளில் அவர் தளர்ந்துபோனார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாதையும் பனியும் மாறியிருந்தன, அவ்வளவுதான். செயின்ட் மோரிட்ஸ் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஷமோனி ஏறத்தாழ 1,000 மீட்டரில். மெல்லிய காற்றில் நெடுந்தொலைவு செல்லும் உடலுக்கு அந்த வேறுபாடு மட்டுமே போதுமான சுமை.

அதே 1928-இன் 50 கிலோமீட்டரைப் பாருங்கள். போட்டி தொடங்கியபோது உறைநிலையை ஒட்டியிருந்த வெப்பநிலை, நண்பகலில் 25 டிகிரி வரை ஏறிவிட்டது. ஸ்வீடனின் பேர்-எரிக் ஹெட்லுண்ட் 4 மணி 52 நிமிடம் 03 விநாடியில் வென்றார். இரண்டாவதாக வந்த இன்னொரு ஸ்வீடன் வீரர் அவருக்கு 13 நிமிடம் 27 விநாடி பின்னால் வந்தார். சாரினெனின் "மெதுவான" 4 மணி 28 நிமிடம், ஹெட்லுண்டின் தங்க நேரத்தைவிட 24 நிமிடம் வேகமானது என்பதையும் நீங்கள் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது என்றால், எல்லாம் பலகையின் அடிப்பகுதிக்கும் பனிக்கும் இடையே நடக்கும் வியாபாரம். பலகை முன்னே போகும்போது வழுக்க வேண்டும், காலால் உதைக்கும்போது பிடிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு வேலைகளையும் ஒரே அடிப்பரப்பு செய்தாக வேண்டும். அக்காலப் பலகைகள் முழு மரம். மரம் நீரை உறிஞ்சினால் பலகை கனக்கும், பனி ஒட்டிக்கொள்ளும். அதற்காகப் பைன் மரத் தாரைச் சூடாக்கி அடிப்பகுதியில் ஊறவிடுவார்கள். அதன்மேல் அன்றைய பனிக்கு ஏற்ற மெழுகு. உலர்ந்த குளிர்ப் பனிக்குக் கடின மெழுகு, உருகி மீண்டும் உறைந்த சொரசொரப்பான பனிக்கும் ஈரப் பனிக்கும் பசைபோன்ற கிளிஸ்டர். நார்வேயின் பேத்தர் ஓஸ்ட்பீ 1913-ஆம் ஆண்டு வாக்கில் அதற்குக் காப்புரிமை பெற்ற பிறகு, அதுவே பலருடைய கைமருந்து ஆயிற்று. ஆனால் காலையில் உறைந்தும் நண்பகலில் சேறாகவும் கிடக்கும் பாதைக்கு எந்த மெழுகைப் பூசுவது? 1928-இல் ஸ்வீடன்காரர்கள் மூன்று பதக்கங்களையும் அள்ளிக்கொண்டு போனதில் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இப்போது 1932. அந்தக் குளிர்காலம் லேக் பிளாசிட்டில் மிதமாக இருந்தது. பனி போதாமல் வேறிடங்களிலிருந்து அள்ளிக்கொண்டுவந்து பாதையில் கொட்டினார்கள். பிப்ரவரி 13 அன்று 50 கிலோமீட்டர் நடக்கவிருந்தபோது நிலைமை தலைகீழாகி, கடும் பனிப்புயல் வீசியது. எந்தப் பாதையில் ஓடுவது என்று வீரர்களும் அதிகாரிகளும் வாக்குவாதம் செய்ததில், போட்டி சுமார் 3 மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. மெழுகு பூசி, உடம்பைச் சூடேற்றி, சாப்பிடும் நேரத்தைக் கணக்கிட்டுத் தயாராக நிற்பவருக்கு 3 மணி நேரத் தாமதம் என்ன செய்யும் என்பதை நெடுந்தொலைவு ஓடிப் பழகியவர்கள் அறிவார்கள். பிறகு புதுப்பனி. அழுத்தமான தடத்தில் வழுக்கும் பலகை, புதிதாக விழுந்த பனியில் புதையும். முன்னால் சென்றவர் பிளந்து வைத்த தடத்தையும் காற்று மூடிவிடும். அந்த நிலையில் மணிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான வேகத்தில் நாலரை மணி நேரம் நின்று நிலைப்பது மெதுவான செயல் அன்று.

வெண்பனி மீண்டும் எழுதியது

இருவருக்கும் நன்றி. நேரங்களை ஒப்பிட்டது என் பிழை என்பதை ஏற்கிறேன். ஆனால் நேரத்தை ஒதுக்கிவிட்டால், எதை வைத்து ஒரு வீரரின் வளர்ச்சியை அளப்பது? பதக்கத்தின் நிறம் மட்டும் போதுமா? 1928-இன் நான்காம் இடத்தவரும் 1932-இன் முதல் இடத்தவரும் ஒரே அளவு வலிமை உள்ளவராக இருந்து, எதிராளிகள் மட்டும் மாறியிருக்கலாம் என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மறுமொழி — ஊன்றுகோல்

நான் வெண்பனி அவர்களின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். 1928-இல் செயின்ட் மோரிட்ஸுக்கு 25 நாடுகளிலிருந்து 464 பேர் வந்தார்கள். 1932-இல் லேக் பிளாசிட்டுக்கு வந்தவை 17 நாடுகள், 252 பேர். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், அட்லாண்டிக் பெருங்கடலைக் கப்பலில் கடந்து போகும் செலவைப் பல நாடுகளால் தாங்க முடியவில்லை. துன்பெரி வராததை ஏட்டுச்சுவடி அவர்களே சொல்லிவிட்டார். ஒரு போட்டியின் பாதி ஆட்கள் வராதபோது அதில் கிடைக்கும் தங்கத்தின் எடையைச் சற்றுக் குறைத்துத்தான் நிறுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அதை உடனே தவறு என்று தள்ளிவிட முடியாது.

மேலும், வென்றவருக்கும் அடுத்தவருக்கும் இடையே இருந்தது 20 விநாடிதான். லீக்கனென் முடித்த நேரம் 4 மணி 28 நிமிடம் 20 விநாடி. ஒரு மெழுகுத் தேர்வு, ஒரு சிறு தடுமாற்றம், கைக்கயிறு அறுந்த ஓர் ஊன்றுகோல் போதும், அடைமொழி இடம் மாறியிருக்கும். இன்று நாம் லீக்கனெனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம். சாரினெனின் திறமையை நான் மறுக்கவில்லை. "முதல் ஒலிம்பிக் வெற்றியாளர்" என்ற ஒரே சொற்றொடரை நம்பி அவருடைய முழு வாழ்க்கையையும் நிறுத்துப் பார்ப்பதைத்தான் ஏற்க மறுக்கிறேன்.

மறுமொழி — கடிகாரமுள்

ஊன்றுகோல் அவர்களின் கடைசி வாக்கியத்தோடு எனக்கு முழு உடன்பாடு. முதல் பத்தியோடு இல்லை.

252 பேர் என்பது ஸ்கேட்டிங், ஐஸ் ஹாக்கி, பாப்ஸ்லெட் எல்லாம் சேர்த்த கணக்கு. அக்காலத்தில் 50 கிலோமீட்டர் பதக்கத்துக்கு உண்மையாகப் போட்டியிட்ட நாடுகள் மூன்றே மூன்று: நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து. மூன்றும் கடலைக் கடந்து வந்தன. மூன்றாம் இடத்தைப் பிடித்தவர் நார்வேயின் ஆர்னே ருஸ்டாட்ஸ்டுவன், நேரம் 4 மணி 31 நிமிடம் 53 விநாடி. மூன்று நாள் முன்னர் நடந்த 18 கிலோமீட்டரில் முதல் இரண்டு இடங்களையும் ஸ்வீடனின் ஸ்வென் உட்டர்ஸ்ட்ரோமும் ஆக்செல் விக்ஸ்ட்ரோமும் பிடித்திருந்தார்கள். வராத நாடுகள் வந்திருந்தால் பின்வரிசைதான் நீண்டிருக்கும், முன்வரிசை மாறியிருக்காது.

இனி வெண்பனி அவர்களின் கேள்விக்கு வருகிறேன். நேரத்தை அளக்க முடியாதபோது இடைவெளியை அளக்கலாம். அன்றைய வெற்றியாளரும் நம் வீரரும் அதே பனியில், அதே காற்றில், அதே மேட்டில்தான் சென்றார்கள். எனவே வெற்றியாளரின் நேரத்தில் எத்தனை விழுக்காடு பின்தங்கினார் என்று பார்த்தால் ஓரளவு நியாயமான அளவுகோல் கிடைக்கும். 1928-இல் 18 கிலோமீட்டரில் சாரினென் 1 மணி 40 நிமிடம் 57 விநாடி. வெற்றியாளருக்கு 3 நிமிடம் 56 விநாடி பின்னால், அதாவது 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய பின்னடைவு. வெண்கலத்தை 46 விநாடியில் தவறவிட்டார். 1932-இல் அதே தொலைவில் 1 மணி 25 நிமிடம் 24 விநாடி. உட்டர்ஸ்ட்ரோமுக்கு 2 நிமிடம் 17 விநாடி பின்னால், அதாவது ஏறக்குறைய 2.7 விழுக்காடு. வெள்ளிக்கு 17 விநாடிதான் குறை. ஆகவே அவர் உண்மையாகவே நெருங்கி வந்திருக்கிறார். எதிராளிகள் மட்டும் மாறவில்லை. இதே அளவுகோலை 1924-இன் நிக்குவுக்கு வைத்தால் சுமார் 2.6 விழுக்காடு வருகிறது. குறுந்தொலைவில் நிக்குவின் வெண்கலம் சாரினெனின் வெண்கலத்துக்கு இம்மியும் குறைந்ததன்று. நிக்குவை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஆனால் சாரினெனின் தனித்தன்மை குறுந்தொலைவில் இல்லை, தொலைவு கூடக் கூட வெளிப்படுவதில் இருக்கிறது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். 1929-இன் முடிவு என் எண்ணத்தைக் குலைத்தது. அந்த ஆண்டு போலந்தின் ஸகோபானேயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அவர் வென்றது 17 கிலோமீட்டர். அப்போது அவருக்கு வயது 26. அதாவது நீங்கள் குறிப்பிட்ட நான்காம் இடத்துக்கு அடுத்த ஆண்டே அவர் உலகில் முதலிடம் பெற்றுவிட்டார். 1928-இலிருந்து நேராக 1932-க்குத் தாவினால் இந்தப் படிக்கட்டு கண்ணில் படாமல் போய்விடும். ஒலிம்பிக் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு படிப்பதன் ஆபத்து இதுதான். பிறகு 1933-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் 50 கிலோமீட்டர் உலகப் பட்டம். கடலுக்கு அப்பால் புயலில் வென்றவர், மறு ஆண்டே ஆல்ப்ஸ் மலைநாட்டில், அதே தொலைவில் மீண்டும் வென்றார். 1932-இன் 20 விநாடியை நற்பேறு என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது வெற்றிக்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது பட்டம் 1934-இல் ஸ்வீடனின் சோலெஃப்டெயோவில் வந்தது, ஆனால் தனியாக இல்லை. நான்கு பேர் ஆளுக்கு 10 கிலோமீட்டர் செல்லும் ரிலே போட்டி அதற்கு முந்தைய ஆண்டுதான் உலக சாம்பியன்ஷிப்பில் அறிமுகமாகி, ஸ்வீடன் அதை வென்றிருந்தது. 1934-இல் ஸ்வீடனின் சொந்த மண்ணிலேயே அதைப் பறித்துக்கொண்ட ஃபின்லாந்து அணியில் சாரினெனோடு சுலோ நுர்மெலாவும் க்ளேஸ் கார்ப்பினெனும் இருந்தார்கள். நுர்மெலா அந்த ஆண்டின் 18 கிலோமீட்டர் உலக சாம்பியனும்கூட. குறுந்தொலைவு, நெடுந்தொலைவு, அணிப் போட்டி என்று மூன்று வகையிலும் ஐந்தாண்டுக்குள் உலகப் பட்டம் பெற்றவரை "புயலில் சிக்கிய தங்கக்காரர்" என்று சுருக்குவது நியாயமில்லை.

மறுமொழி — ஏட்டுச்சுவடி

கடிகாரமுள் அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு சிறு தொடர்ச்சி. 1934-இன் அணியில் இருந்த நுர்மெலாவும் கார்ப்பினெனும் 1936-இல் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் ஒலிம்பிக் ரிலே முதன்முறையாக நடந்தபோதும் ஓடினார்கள். மத்தி லாஹ்தெ அவர்களோடு சேர்ந்தார். கடைசிப் பகுதியில் காலே யல்கனென் நார்வே வீரரை எட்டிப்பிடித்துக் கடந்து, 6 விநாடி இடைவெளியில் தங்கத்தைக் கொண்டுவந்தார். சாரினெனின் இடத்தை இளையவர்கள் இட்டு நிரப்பிய விதத்தை அந்தப் போட்டியில் பார்க்கலாம். அவர் பயிற்சியாளராகவும், பின்னாளில் ஃபின்லாந்துப் பனிச்சறுக்குச் சங்கத்தின் நிர்வாகத்திலும் பணியாற்றி, 1969-இல் காலமானார்.

ஆனால் அணியாக வென்றவர்களால் அவருடைய தனித் தொலைவில் உடனே வெல்ல முடியவில்லை. ஒலிம்பிக் 50 கிலோமீட்டரில் 1936-இலும் 1948-இலும் தங்கம் ஸ்வீடனுக்கே சென்றது. அடுத்த ஃபின்லாந்துத் தங்கத்தை 1952 ஓஸ்லோவில் வெய்க்கோ ஹகுலினென் வென்றார், சாரினெனுக்குச் சரியாக 20 ஆண்டு கழித்து. அவருடைய நேரம் 3 மணி 33 நிமிடம் 33 விநாடி. வெண்பனி அவர்கள் இதையும் 4 மணி 28 நிமிடத்தோடு ஒப்பிட்டுவிடாமல் இருப்பாராக!

வெண்பனி மீண்டும் எழுதியது

ஒப்பிட மாட்டேன், உறுதி. என் அட்டவணையில் நேரத்துக்கு அடுத்து "வெற்றியாளரிடமிருந்து இடைவெளி" என்று ஒரு நிரலைச் சேர்த்துவிட்டேன். 1926, 1929, 1933, 1934 ஆண்டுகளுக்கான வரிசைகளையும் ஒலிம்பிக் ஆண்டுகளுக்கு இடையே செருகிவிட்டேன். செருகிய பிறகு, நான்காம் இடத்திலிருந்து தங்கத்துக்குத் தாவியதாக நான் நினைத்த தாவலே காணாமல் போய்விட்டது.

ஊன்றுகோல் அவர்களுக்கு ஒரு சொல். அந்த 20 விநாடியை அன்றைய சராசரி வேகத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். சுமார் 62 மீட்டர் வருகிறது. ஆனால் இருவரும் தனித்தனி நேரத்தில் புறப்பட்டவர்கள் என்பதால், அந்த 62 மீட்டரை அன்று பாதையில் யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது. புயலுக்குள் சென்றுகொண்டிருந்த சாரினெனுக்குத் தாம் முன்னால் இருக்கிறோமா பின்னால் இருக்கிறோமா என்பது தெரிந்திருக்குமா என்று யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி — ஊன்றுகோல்

வீரர்கள் இடைவெளிவிட்டு ஒருவர் பின் ஒருவராகப் புறப்படும் போட்டியில், வழியில் ஆங்காங்கே நிற்கும் தம் அணியினர் கடிகாரத்தைப் பார்த்துக் கூவிச் சொல்வதுதான் ஒரே செய்தி. அந்தக் குரலும் அடுத்து அவர்கள் நிற்கும் இடம் வரை பழைய கணக்குத்தான். பனிப்புயலில் அதுவும் காதில் விழுந்திருக்க வேண்டும். எல்லைக்கோட்டைக் கடந்த பிறகும் முடிவு தெரிந்துவிடாது; எல்லோரும் வந்துசேர்ந்து, புறப்பட்ட நேரத்தை ஒவ்வொருவருக்கும் கழித்துப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். நற்பேறு என்று நான் எழுதியதை முழுவதும் திரும்பப் பெறவில்லை. ஆனால் 1933-ஐ நான் கணக்கில் எடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.